காற்றுக்கண் வைத்த கப்பல்பாய்

வலது கை கத்திரியை எடுத்தது. அதற்குள் இடது கை கித்தான் துணியின் மேல் சாக்பீஸால் ஓர் அரைவட்டம் போட்டு முடித்திருந்தது. கத்திரி வளைவின் மேல் மட்டும் ஓடி, நேர்க்கோட்டை வெட்டாமல் விட்டது. வெட்டுப்பட்ட துணி கண் இமைபோல் தொங்கியது. இமையின் ஓரத்தை மடித்து ஒரு தையல், ஓட்டையின் ஓரத்தை மடித்து ஒரு தையல். இழுத்துப் பார்த்துவிட்டு, கைகள் துணியை நகர்த்தி அடுத்த அரைவட்டத்துக்குப் போயின.

வாய் வேறு வேலையில் இருந்தது.

“தேயில புது டப்பாலதாங்க இருக்குது. காலி டப்பாவ எத்தினி தடவ தட்டுவீங்க?”

“லேபிள் ஒட்டி வெச்சிருந்தா நான் ஏன் தட்றேன்?” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “தமாம்ல எங்க கேம்ப்ல உப்பு டப்பாக்குக்கூட லேபிள் இருக்கும்.”

“அப்ப அங்கயே போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

கைகளும் வாயும் மரியம் பீவியுடையவை. கூனிமேட்டில் ஈசிஆரிலிருந்து கடற்பக்கம் திரும்பும் தெருவில், வீட்டை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. மரக்காணம் உப்பளங்களில் மழைக்கு முன் உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய், லாரித் தார்ப்பாய், கல்யாண ஷாமியானா என்று கனத்த துணி எதுவானாலும் அங்கேதான் வரும். மெல்லிய துணி வந்தால் வாசலிலேயே திரும்பிவிட வேண்டும். “ஜாக்கெட்டுக்கு வேற ஆளப் பாரும்மா. என் மெஷின்ல வெச்சா உன் ஜாக்கெட் பயந்துடும்” என்பார்.

அவரிடமிருந்து ஒரு தார்ப்பாயை வாங்கிக்கொண்டு போவது, பெண்ணைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி. கொடுக்கும் முன் அறிவுரை உண்டு. ஈரத்தோடு மடிக்காதே, கல்லில் இழுக்காதே, லாரி டிரைவர் தலைக்கு வைத்துத் தூங்கக் கொடுக்காதே. பிறகு அடிக்கடி விசாரிப்பும் உண்டு. உப்பளத்துக்காரர் ஒருவர் தன் மருமகள் சுகமில்லாமல் இருப்பதாகச் சொல்ல வந்தபோது, “அது கெடக்கட்டும், நான் குடுத்த நீலத் தார்ப்பா எப்டி இருக்குது?” என்று அவர் கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. மரியம் பீவி அதை மறுப்பதில்லை. மருமகளைப் பற்றியும் பிறகு கேட்டதாக மட்டும் சேர்த்துக்கொள்வார்.

பட்டறை முதலில் அவர் கணவர் பக்கீர் முஹம்மதுவுடையது. அந்தப் பெரிய மெஷினைப் புதுச்சேரியில் பழைய விலைக்கு வாங்கி வந்தவர் அவர்தான். ஒரு பருவம் தைத்தார். விசா வந்தது. பாதி தைத்த வேலைகளை அப்படியே விட்டுவிட்டு தமாமுக்கு விமானம் ஏறிவிட்டார். உப்பளத்துக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். கிளியனூரிலிருந்து வாழ வந்த மரியம் பீவிக்கு அந்த மெஷினில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. கணவர் தைத்து முடித்திருந்த ஒரு தார்ப்பாயை எடுத்து உட்கார்ந்து முழுக்கப் பிரித்தார். எந்தத் தையல் எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். பிரித்ததைத் தலைகீழ் வரிசையில் தைத்தார். அதுதான் அவர் படித்த படிப்பு.

அந்தப் படிப்பில் ஒரு பாடம் விட்டுப்போயிருந்தது. அவர் தனியாகத் தைத்த முதல் தார்ப்பாயை உப்பின் மேல் போட்டு, நான்கு பக்கமும் முளையடித்து இறுக்கிக் கட்டினார்கள். ஐப்பசியில் ஒரு நாள் அடிப்பக்கமாகப் புகுந்த காற்று, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உப்பி, முளையோடு பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவேலி ஏரிப் பக்கம் ஒரு கருவேல மரத்தில் மாட்டிவிட்டது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. தார்ப்பாய்தான் ஊரில் இல்லை. மரத்தடியில் நின்று அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மரியம் பீவிக்கு விஷயம் புரிந்தது. காற்றைத் தடுக்கக் கூடாது. உள்ளே வந்த விருந்தாளியைப் பின்வாசல் வழியாக மரியாதையாக அனுப்பிவிட வேண்டும்.

அன்றிலிருந்து அவர் தைக்கும் எல்லாவற்றிலும் அரைவட்டக் கண்கள். காற்று வந்தால் இமை தூக்கி வழி விடும். மழை வந்தால் மூடிக்கொள்ளும். புயல்கள் வந்து போயின. கூரைகள் பறந்தன, கம்பங்கள் சாய்ந்தன. மரியம் பீவியின் தார்ப்பாய் பறந்தது என்று யாரும் சொன்னதில்லை.

கணவர் வளைகுடாவை முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது மெஷினின் நாற்காலியில் ஆள் இருந்தது. இப்போது அவர் ஓரங்களில் பித்தளை வளையம் அடிக்கிறார், டீ போடுகிறார். வருகிறவர்களிடம், “நான் இந்தக் கம்பெனில ஹெல்பருங்க. பெரிய மேடம் உள்ள இருக்காங்க” என்பார்.

ஆனால் அன்று மெஷினில் ஏறியிருந்தது தார்ப்பாய் இல்லை. கப்பலுக்குப் பாய்.

அந்த வேலையைக் கொண்டுவந்தவர் சாலம்மாள் டீச்சர். மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் ‘கடலோடிகள்’ என்று ஒரு கண்காட்சி. எல்லாப் பள்ளியும் சோழர் கப்பல்தான் வேண்டும் என்றதால் சீட்டுக் குலுக்கினார்கள். சாலம்மாள் டீச்சரின் பள்ளிக்கு பினீசியர் விழுந்தது. டீக்கடையில் இது தெரிந்ததும், “யாரு டீச்சர் அவங்க, எந்தத் தொகுதி?” என்று கேட்டார்கள்.

டீச்சர் சளைக்கவில்லை. மற்ற பள்ளிகள் தெர்மோகோலில் கப்பல் செய்து சீரியல் லைட் போட்டு டிராலியில் தள்ளிக்கொண்டு வரும்; நம்முடையது தண்ணீரில் நிஜமாகவே போக வேண்டும் என்று முடிவு செய்தார். மீனவர் சகாயராஜ் தன் பழைய ஃபைபர் படகைக் கொடுத்தார். பிள்ளைகள் அதன் முன்பக்கத்துக்குக் காகிதக் கூழில் குதிரைத் தலை செய்தார்கள். பினீசியர் படகுகளில் அப்படித்தான் இருந்ததாம். கண்காட்சிக்குக் கொடுத்த விவரத்தில் டீச்சர் தைரியமாக, ‘பாய் விரித்து உப்பங்கழியைக் கடக்கும்’ என்று எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் பாய் தைக்க யார் என்று யோசித்தார்.

“தீர், சீதோன்னு ரெண்டு ஊருக்கா. அங்க இருந்துதான் கப்பல் விட்டாங்க,” என்று பட்டறையில் உட்கார்ந்து விளக்கினார் டீச்சர்.

“தீரா? அரபில அது சூருங்க டீச்சர்!” பக்கீர் முஹம்மது டீ டம்ளரோடு வந்துவிட்டார். “லெபனான்ல இப்பவும் இருக்குது. எங்க ஃபோர்மேன் அந்த ஊர்க்காரன். ஏபிசிடிக்கு அப்பன் எழுத்தே எங்க ஆளுங்க குடுத்ததுதான், கண்ணாடி வித்தது எங்க ஆளுங்கதான்னு டெய்லி சொல்லுவான். டீக்கு மட்டும் எங்க கைய பாப்பான்.”

“சரியாத்தான் சொல்லிருக்காரு. மரம், கண்ணாடி, ஊதாச் சாயம் எல்லாம் வித்தாங்க. போற எடத்துல ஒரு தீவோ முனையோ பாத்து எறங்குவாங்க. மொதல்ல யாவாரம், அப்புறம் குடும்பம். ஸ்பெயின் வரைக்கும் போய் ஊரு போட்டு, மீனு உப்புல போட்டு ஜாடி ஜாடியா அனுப்புனாங்க.”

“நம்ம கூனிமேட்டு ஆளுங்கதான்,” என்றார் பக்கீர். “மொதல்ல விசிட்டு, அப்புறம் ஃபேமிலி விசா.”

மரியம் பீவிக்கு வேறு இடத்தில் காது நின்றது. “உப்பு இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா. மீனுக்கு அவ்ளோ உப்பு வேணும்ல?”

“அப்ப மூடாம இருந்திருப்பாங்களா? மூட்ற தார்ப்பா யாரு தைச்சா?”

டீச்சர் விழித்தார். “அது… தெரியலக்கா. எழுத்த ஊரெல்லாம் பரப்புனாங்களே தவிர, அவங்களப் பத்தி அவங்க எழுதுனது ரொம்ப மிச்சமில்ல.”

“தைக்கிறவங்களுக்கு எழுத எங்க நேரம்,” என்று மரியம் பீவி அவர்களை மன்னித்துவிட்டார்.

அவர் மனதைக் கரைத்தது இன்னொரு கதை. அந்த ஊர் அரசி ஒருத்தி தப்பித்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், ஒரு மாட்டுத்தோல் அளவு இடம் மட்டும் கேட்டாளாம். சரி என்றதும் அந்தத் தோலை மெல்லிய வார் வாராக வெட்டி, ஒரு குன்றையே சுற்றி வளைத்துவிட்டாளாம். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மரியம் பீவி சிரிக்கவில்லை.

“ஓரம் மடிக்க எடம் விட்டு வெட்டுனாளா?”

“தோலுக்கா. தோலு நூல் பிரியாதே.”

“ஆமா, தோலு பிரியாது.” விரல்களால் காற்றில் ஒரு வார் வெட்டிப் பார்த்தார். “நடுவுல அறுபடாம வெட்டிருக்கா பாருங்க. கை சுத்தம்.” அத்தோடு பாய் தைக்க ஒப்புக்கொண்டார்.

டீச்சருக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது. “பாய்ல எங்கியாவது ஊதா வெச்சிடுங்கக்கா. அவங்களுக்கு அதுதான் பேரு.”

“ஊதா வெயில்ல நிக்காது டீச்சர். ரெண்டு மாசத்துல சாம்பல் கலரு ஆயிடும்.”

“ஒரு நாளைக்குத்தானக்கா?”

“நான் ஒரு நாளைக்குத் தைக்கிறது இல்ல.”

அதற்கு மேல் பேச்சில்லை. வெளுப்புக் கித்தான் வந்தது. மரியம் பீவி இரண்டு மடிப்பு ஓரம் வைத்து, நைலான் கயிறு உள்ளே ஓடவிட்டு, மூலைக்கு மூலை தோல் வைத்துத் தைத்தார். ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தார். கைகள் தம் பங்குக்கு, யாரையும் கேட்காமல், அரைவட்டங்களைப் போட்டுக்கொண்டு போயின.

ஒத்திகை உப்பங்கழியில். நல்ல பிற்பகல், கடற்காற்று எழுந்து உப்பளத்து வரப்புகளின் மேல் காலிச் சாக்குகளை உருட்டிக்கொண்டிருந்தது. உப்புச் சுமக்கிறவர்கள் கூடையை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். சகாயராஜ் பின்னால் துடுப்போடு உட்கார்ந்தார். நாலு பிள்ளைகள் கயிற்றை இழுக்க, பாய் மூங்கிலில் ஏறியது.

அத்தனை இமைகளும் ஒரே சமயத்தில் திறந்தன.

படபடவென்று அழகாக அடித்துக்கொண்டன. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனது. குதிரைத் தலை கரையைப் பார்த்தபடியே நின்றது. படகு போனது என்று சொன்னால், அது மரியாதைக்காகச் சொல்வதுதான்.

கரையில் மரியம் பீவி முகம் பூரித்திருந்தது. “பாத்தீங்களா டீச்சர்? இவ்ளோ காத்துலயும் துணி ஒரு இழுப்பு இழுக்கல. கம்பத்துக்கே பாரம் தெரியாது.”

உப்புச் சுமக்கிறவர்களில் ஒருவர் குரல் கொடுத்தார். “சகாயராஜு, குதிரைக்குப் புல்லு வெச்சியா?”

“புல்லு எதுக்குண்ணே, வீடே கட்டிக் குடுத்துட்டாங்க!” என்று சகாயராஜ் படகிலிருந்து கத்தினார். “அக்கா பாய்க்கு இத்தினி ஜன்னல் வெச்சிருக்காங்க. காத்து வந்து எட்டிப் பாத்துட்டு போயிட்டே இருக்குது!”

பக்கீர் முஹம்மது வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர். “மரியம்… மரியம்… இது உப்பு மேல போட்றது இல்லம்மா. காத்து இத தூக்கிட்டுப் போவணும். அதுக்குத்தான் தைக்கச் சொன்னாங்க.”

மரியம் பீவி பாயைப் பார்த்தார். படபடக்கும் ஒவ்வொரு இமையையும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த பூரிப்பு மெதுவாக இறங்கியது. இத்தனை வருடத்தில் அவர் தையலைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

“நாளான்னிக்கு கண்காட்சிக்கா,” என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில். “பாய்ல போவும்னு எழுதிக் குடுத்துட்டேன். புள்ளைங்க எல்லார் கிட்டயும் சொல்லிடுச்சிங்க.”

சகாயராஜுக்கு வழி தெரிந்திருந்தது. “அடில சின்ன இன்ஜின் ஒண்ணு மாட்டிடலாம் டீச்சர். சத்தத்துக்கு மேல ஒரு பாட்டப் போட்டுடலாம். யாருக்குத் தெரியும்?”

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மரியம் பீவி சொன்னார்: “இன்ஜின் வெக்கிறதா இருந்தா என் துணிய கழட்டிக் குடுத்துடு. குதிரை மட்டும் போவட்டும்.”

இறக்கும்போது தண்ணீரில் தோய்ந்த பாயை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டோவைத் தேடி நடந்தார். ஈரத்தோடு மடித்திருந்தார். பக்கீர் சிரிப்பதை அப்போதுதான் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் மரியம் பீவி முதலில் இமைகளை மூடித் தைத்துப் பார்த்தார். சரிவரவில்லை. இமையின் ஓரத்தையும் ஓட்டையின் ஓரத்தையும் தனித்தனியாக மடித்துத் தைத்திருந்ததால் இடையில் ஒரு விரல் போகும் சந்து நின்றது. இழுத்துத் தைத்தால் துணி சுருங்கிக் கொசுவம் போட்டது. அவ்வளவு ஒழுங்காக அவர் அந்தக் கண்களைத் தைத்திருக்கக் கூடாது.

“ஒட்டுப் போட்டுத்தான் ஆவணும்,” என்றார் பக்கீர்.

“கித்தான் எங்க இருக்குது? ஒரு முழம் இல்ல. பாண்டில கடைக்காரனுக்கு போன் போட்டா வாரக் கடைசில சரக்கு வருதுன்றான்.”

“நீலத் தார்ப்பா?”

“கித்தான் மேல அத வெச்சா ரெண்டும் ரெண்டு மாதிரி இழுக்கும். காத்துல பிச்சிக்கும்.”

கனமான துணி என்று கொட்டகையில் மீதி இருந்தது ஒன்றுதான். பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தைத்த ஷாமியானாவின் மிச்சம். பக்கீர் அதை மேலே பரணிலிருந்து எடுத்துக் கீழே போட்டார்.

“ஊதா,” என்றார் மரியம் பீவி, ஏதோ பூச்சியைச் சொல்வதுபோல.

“டீச்சருக்கு புடிச்ச கலரு.”

“வெளுத்துப்போற கலரு.”

“சரி, வெள்ளையா கிடைக்கிற வரைக்கும் கப்பல நிறுத்தி வெக்கச் சொல்லட்டுமா? மூவாயிரம் வருஷமா நிக்குது, இன்னும் ஒரு வாரம் நிக்கும்.”

மரியம் பீவி துணியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். நல்ல நெசவு. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஊதாவை இரட்டை மடிப்பாக வெட்டினார். காற்று வந்து மோதும் பக்கத்தில் வைத்து, கண்ணின் ஓரத்தைச் சுற்றி ஒரு வரி, அதற்கு வெளியே இன்னொரு வரி. நல்ல ஒட்டு என்றால் இருப்பதே தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. இவை மைல் தூரத்துக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றும் பாதி நிலா மாதிரி, வெள்ளையின் மேல் பளிச்சென்று.

பாதி வேலையில் ஒரு தடவை, ஒட்டைத் தைத்து முடித்த கை பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்ததும் சாக்பீஸை எடுத்தது. அரைவட்டம் போட்டும் விட்டது.

“யா அல்லாஹ்,” என்று மரியம் பீவி கையை உதறினார்.

பக்கீர் எழுந்து வந்து மேசையிலிருந்த கத்திரியை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “கம்பெனி ரூல்ஸ். பாய் போய்ச் சேர்ற வரைக்கும் கத்திரி ஹெல்பர் கிட்டதான் இருக்கும்.”

“நூலு எதால வெட்றது?”

“என்னக் கூப்புடு. நான் வந்து வெட்றேன்.”

அன்று முழுக்க மரியம் பீவி கூப்பிட்டார், பக்கீர் வந்து நூல் வெட்டினார். ஒரு தடவைகூட முணுமுணுப்பு இல்லாமல் மரியம் பீவி காத்திருந்ததை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாய் முடிந்ததும் அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கி வெயிலுக்குக் காட்டினார். ஒரு பொட்டு வெளிச்சம் எங்கேயும் ஒழுகவில்லை.

கண்காட்சி அன்று உப்பங்கழிக் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரிகள் மற்ற பள்ளிகளின் கப்பல்களைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். டிராலிச் சக்கரம் மணலில் மாட்டியதால் கொஞ்சம் தாமதம். அலைக்கு ஏற்ப ஆடிக்கொண்டு பினீசியக் குதிரை காத்திருந்தது. சகாயராஜ் கண்ணாடி போட்டு, தலைப்பாகை கட்டி, தான் எந்த நாட்டுக்காரன் என்று தனக்கே தெரியாத கோலத்தில் இருந்தார்.

மரியம் பீவி பொட்டலத்தை டீச்சர் கையில் வைத்தார். “பிரிச்சிப் பாத்துக்கோங்க. அப்புறம் சொல்லக் கூடாது.”

டீச்சர் ஒரு மடிப்பைப் பிரித்தார். அடுத்ததைப் பிரித்தார். “அக்கா! ஊதா!”

“வேற துணி கெடைக்கல. அவ்ளோதான்.”

“எவ்ளோ அழகா நிலா நிலாவா…”

“ஒட்டு டீச்சர் அது. ஒட்டுப் போட்டத அழகுன்னு சொல்லாதீங்க, எனக்கு வெக்கமா இருக்குது.”

“நாங்க டிசைன்னு சொல்லிக்கிறோம்,” என்றார் பக்கீர். சட்டைப் பையில் கத்திரி இன்னும் இருந்தது.

டீச்சரும் மரியம் பீவியுமாகப் பாயின் மேல்மூலைகளைப் பிடித்து முழுதாக விரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று வரப்பைத் தாண்டி வந்தது. துணி ஒரு மூச்சு இழுத்து, வயிறு தள்ளி, இரண்டு பேரையும் பிடித்து இழுத்தது. சாலம்மாள் டீச்சர் செருப்பை விட்டுவிட்டு இரண்டடி முன்னே ஓடினார். மரியம் பீவி தன்னையறியாமல் குதிகாலை மண்ணில் ஊன்றி, மூலைக் கயிற்றை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, உப்புக் குவியலின் மேல் நிற்கிற மாதிரியே பின்னால் சாய்ந்தார்.

“அக்கா, கயிறு!” என்று சகாயராஜ் படகிலிருந்து கை நீட்டினார்.

மரியம் பீவி விடவில்லை. முடிச்சை இழுத்துப் பார்த்தார். மூலைத் தோலைத் தடவிப் பார்த்தார்.

“விடு மரியம்,” என்றார் பக்கீர். “இது போறதுக்குத்தான்.”

“தெரியுது, தெரியுது.” முழங்கையிலிருந்து சுற்றைப் பிரித்தார். “சகாயராஜு, நல்லா கேட்டுக்க. நனைஞ்சா காய வெச்சுத்தான் மடிக்கணும். கல்லு மேல இழுக்கக் கூடாது. தலைக்கு வெச்சிப் படுக்கக் கூடாது.”

“சரிக்கா, குடுங்கக்கா, நீட்டுன கை வலிக்குது.”

கயிற்றைச் சகாயராஜின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மேலே மூடி, அது இழுப்பதை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, மரியம் பீவி தன் கையை எடுத்தார்.